தேருக்கு முன்னால் டேப்பட் சத்தம்

சத்தமில்லாத வண்டி வேண்டுமாம். அம்மனுக்குச் சத்தம் ஆகாதாம். உறுமி மேளம் காதைக் கிழிக்கும், ஸ்பீக்கர் அலறும், தேங்காய் மூட்டை மூட்டையாகச் சிதறும், அதெல்லாம் ஆகும். என் ஓரகத்தி அங்கம்மாவின் லேண்ட்ரோவர் போடுகிற டேப்பட் சத்தம் மட்டும் ஆகாதாம். இதைச் சொன்னவர் எங்கள் மேல்கம்பத்து மாரியம்மன் கோயில் தலைவர் கலியபெருமாள். ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டாரா? வருஷா வருஷம் சொன்னார். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கம்மா என் புருஷன் அர்ஜுனனின் அண்ணன் பெண்டாட்டி. கேமரன் மலையின் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றி இறக்குகிற லேண்ட்ரோவர்களில் பெண் ஓட்டுகிற வண்டி அவளுடையது ஒன்றுதான். மழை பெய்து பாதை குழம்பாகிக் கிடக்கும் நாளில், புது வண்டிக்காரன்கள் கீழேயே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இவள் மேலே ஏறி, ஏற்றி, இறங்கி வந்து, அவர்களைப் பார்த்து ஹார்ன் அடித்துவிட்டுப் போவாள். அவள் வாயும் சும்மா இருக்காது, வண்டியும் சும்மா இருக்காது. கீழ் வளைவில் திரும்பும்போதே டக்டக்டக்டக் என்று கேட்கும். நாங்கள் தக்காளி தரம் பிரிக்கிற கொட்டகையில் அவசர அவசரமாகப் பெட்டிகளை வாசலுக்கு இழுப்போம். இழுத்து வைக்காவிட்டால் தீர்ந்தது.

"என்னா லா, என்னைப் பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா? இப்படி ஒக்கார வச்சிருக்கீங்க?"

எனக்கே எத்தனை நாள் அந்த ஏச்சு விழுந்திருக்கிறது. கொழுந்தன் பெண்டாட்டி என்றெல்லாம் பார்க்கமாட்டாள்.

அந்த வண்டி முதலில் அவள் புருஷன் வடமலையுடையது. அவர் ஓட்டிய காலத்தில் அதில் சத்தமே வராது. அதில் மனிதருக்கு அப்படியொரு பெருமை. எஞ்சின் ஓடும்போதே பானெட்மேல் தே தாரே டீக் கிளாஸை வைத்துவிட்டு, "பாத்தியா, ஆடுதா பாரு" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். சத்தம் வரக்கூடாது என்பதற்காக டேப்பட்டை இறுக்கி இறுக்கி வைத்திருந்தார். அதுதான் வினை.

இது எனக்கு அங்கம்மா கத்திக் கத்திச் சொல்லியே மனப்பாடம் ஆனது. எஞ்சினில் வால்வு என்று இருக்கிறது. அதை மேலிருந்து தட்டித் திறக்க ஒரு கை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய தகடு நுழைகிற அளவுக்கு இடம் விடவேண்டும். அதற்குப் பேர்தான் டேப்பட் வைப்பது. எஞ்சின் சூடானால் வால்வு நீளும். நீள இடமில்லாவிட்டால் அது முழுசாக மூடாது, உள்ளே அடைபட்ட காற்று கசியும், எஞ்சினுக்குப் பிடிப்பு இல்லாமல் போகும். இடம் விட்டால் அந்தக் கை வால்வைத் தட்டுகிற சத்தம் வெளியே கேட்கும். அவ்வளவுதான் கதை. ஆனால் எங்கள் மலையில் அந்தப் பிடிப்புதான் உயிர். இந்தக் கிழட்டு வண்டிகளின் ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. எண்ணெய் இறங்கி வழுக்கும். சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டு எஞ்சினை அணைப்போம். எஞ்சின்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

ஒரு நாள் அது நிற்கவில்லை. வடமலை வண்டியை மேட்டில் ஏற்றி, இறக்கத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு, முன்னால் குனிந்து கோஸ் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். சூட்டோடு சூடாக வண்டி தானாக இறங்கி அவரைக் கொட்டகைத் தூணோடு வைத்து நசுக்கியது. ஈப்போ ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிது. இடது கால் அதற்கப்புறம் மடங்கவே இல்லை.

ஊரே சொன்னது, அந்தச் சனியனை இரும்புக்குப் போட்டுவிடு என்று. அங்கம்மா கேட்டாளா? ஆஸ்பத்திரி வாசலில் நின்றே வேண்டிக்கொண்டாள். "இவரு உசிரோட வீட்டுக்கு வந்தா, இவரை நசுக்கின இதே வண்டி உன் தேரை இழுக்கும், தாயே." பிறகு அவளே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். டேப்பட் வைக்கிறதையும் அவளே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட லட்சணம் அந்தத் தெருவுக்கே தெரியும். வடமலை கட்டிலில் கிடந்தபடி ஜன்னல் வழியாகக் கத்துவார், "தகடு இறுகிப் போச்சுன்னா திருப்பிவிடு!" இவள் வண்டிக்குள் தலையை விட்டபடி திரும்பக் கத்துவாள், "இப்ப சொல்லு! அன்னிக்கு எங்க போச்சு இந்தப் புத்தி?" அன்றிலிருந்து அந்த வண்டி சத்தம் போடுகிறது. அது சத்தம் போட்டால் அவளுக்கு நிம்மதி.

நேர்த்திக்கடன்தான் நிற்கிறது. வருஷா வருஷம் திருவிழாக் கூட்டத்துக்குப் போய்க் கேட்பாள். வருஷா வருஷம் கலியபெருமாள் காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டே சொல்வார்: "வண்டி ரொம்ப சத்தம்மா. நாதஸ்வரமே கேக்காது. சத்தமில்லாத வண்டிக்குத்தான் அம்மன் தேரு." பெண் பிள்ளை வண்டி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, சத்தம் என்றார். எனக்குத் தெரியாதா?

அவர் பேச்சைக் கேட்டு இந்த மேட்டுக்காரன்கள் பண்ணிய கூத்து இருக்கிறதே! தேர் இழுக்கிற மரியாதை வேண்டும் என்று ஆளாளுக்குத் திருவிழா நெருங்கும்போது டேப்பட்டை இறுக்க ஆரம்பித்தார்கள். கோயில் வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்த, தலைவர் ஒவ்வொரு பானெட்டிலும் காதை வைத்துக் கேட்பார். வைத்தியர் மாதிரி தலையை வேறு ஆட்டுவார். திருவிழா முடிந்ததும் திரும்பத் தளர்த்திவிடுவார்கள். மற்றவர்களின் வண்டிகள் கொஞ்சம் புதுசு, ஹேண்ட்பிரேக் பிடிக்கும், அதனால் தப்பித்தார்கள்.

இந்த வருஷம் என் புருஷன் வந்து நின்றான், பல்லெல்லாம் தெரிய.

"அண்ணி, ஒங்க வண்டிதான்! தலைவர் ஒத்துக்கிட்டாரு. ஆனா நான்தான் ஓட்டணுமாம்."

அங்கம்மா வண்டியின் பானெட்டை ஒரு தரம் தடவினாள். அப்புறம், "எவன் ஓட்டினா என்னாடா, இழுக்கப்போறது என் வண்டி" என்றாள். சாயங்காலம் எனக்குக் கேசரி கிண்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டியைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவி, அலங்காரம் பண்ணக் கோயிலுக்கு அனுப்பினாள்.

என் புருஷன் கோயிலிலிருந்து கையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு வந்தான். "பூ கட்டப் போன கையா இது?" என்று கேட்டேன். "கம்பி எல்லாம் அழுக்கு" என்றான். மடையன். நானும் நம்பினேன்.

திருவிழா அன்று தேர் கோயிலிலிருந்து மேல் ரோட்டுக்கு ஏறி, பெரிய மேட்டின் தலைக்கு வந்து, அங்கிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும். இறக்கத்தில் பாதியில் நிறுத்துவது வழக்கம். மந்திரம் கேட்கவேண்டும் என்று எஞ்சினை அணைத்துவிடுவார்கள். அம்மன் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால், அவள் பார்வையில் நிற்கவேண்டும் என்று தட்டோடு வருகிற ஜனம் எல்லாம் வண்டியின் பம்பரை ஒட்டியே நெருக்கியடித்து நிற்கும். கைக்குழந்தைகளைத் தூக்கி பானெட்மேலேகூட வைப்பார்கள்.

நானும் அங்கம்மாவும் மேட்டின் தலையில் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்தோம். அவள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கொஞ்சம் கீழே தேநீர்க் கடை வாசலில் வடமலை பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வளைவில் தேர் தெரிந்தது. பச்சை வண்டி முழுக்கச் சாமந்தி. பின்னால் அம்மன். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"சரசு, என் வண்டி எங்க?" என்றாள் அங்கம்மா.

"இதோ வருதேக்கா. கண்ணு தெரியலையா?"

"தெரியுது. கேக்கல."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. டக்டக் இல்லை. வண்டி கிட்டே வர வர, புஸ்ஸு புஸ்ஸு என்று மூச்சிரைக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அங்கம்மா தட்டை என் கையில் திணித்தாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றாள்.

"நிறுத்துடா! எறங்குடா கீழ!"

இறக்கம் தொடங்குகிற இடத்துக்கு முன்னால் என் புருஷன் வண்டியை நிறுத்தினான். மேளம் நின்றது.

"டேப்பட்ல கை வச்சது யாரு?"

"அண்ணி, அது வந்து…"

"யாருன்னு கேட்டேன்!"

"நான்தான். ஒங்களுக்காகத்தான் அண்ணி. சத்தமில்லாம பண்ணினா தேரு ஒங்க வண்டிக்குன்னு தலைவர் சொன்னாரு, பண்ணினப்புறம் காதை வச்சும் பாத்தாரு. எத்தனை வருஷமா கேக்குறீங்க… ஒங்க நேர்த்திக்கடன்…"

"என் நேர்த்திக்கடனா? ஒங்க அண்ணன் காலுடா அது! அந்தக் கால் எப்படிப் போச்சுன்னு தெரியாத மாதிரி நிக்கிற?"

கலியபெருமாள் மஞ்சள் பொன்னாடையோடு முன்னால் வந்தார். "இந்தா, நல்ல நேரம் போகுது. குடும்பச் சண்டைய வீட்ல வச்சுக்கம்மா. வழிய விடு."

"விடறேன் தலைவரே. சத்தமில்லாத வண்டிதானே கேட்டீங்க? இதோ நிக்குது. வாங்க, வந்து முன்னால நில்லுங்க."

"நான் எதுக்கு நிக்கணும்?"

"சனங்க மட்டும் நிக்கணுமா? பச்சப்புள்ளைங்க நிக்கணுமா?"

பேசிக்கொண்டே என் புருஷனைத் தள்ளிவிட்டு வண்டியில் ஏறினாள். முன்னால் ஒரு ஈ காக்காய் இல்லாமல் விரட்டினாள். வண்டியை மெல்ல இறக்கத்துக்குக் கொண்டுவந்து, பிரேக்கை மிதித்து, கியரில் போட்டு, எஞ்சினை அணைத்தாள். "பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்தாள்.

ஒரு நொடி நின்றது. அப்புறம் கடக் என்று ஒரு உதறல், வண்டி முன்னால் நகர்ந்தது. இன்னொரு கடக். இன்னொன்று. பின்னால் தேர் ஆட, அம்மன் கழுத்து மாலை ஆட, பெண்கள் எல்லாம் வீறிட்டார்கள். அங்கம்மா பிரேக்கை மிதித்தாள். நாலு பேர் ஓடிவந்து சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள். நான் என் புருஷனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நேரத்தில் அவன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, இரண்டு அறை விடத்தான் தோன்றியது.

அங்கம்மா இறங்கி, பானெட்டில் இருந்த சாமந்தி மாலைகளை வழித்து ஓரமாக வைத்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து சாமான் பெட்டியை எடுத்தாள். எஞ்சின் மேல்மூடி கொதித்தது. சுற்றுமுற்றும் பார்த்தவள், கலியபெருமாள் தோளிலிருந்த பொன்னாடையை உருவினாள். அதை வைத்துத்தான் மூடியைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏய்! அது பொன்னாடை!"

"சும்மாதானே தொங்குச்சு. இப்ப வேல செய்யுது."

கியரை எடுத்துவிட்டு, என் புருஷனை முன்னால் குனியவைத்து, கையால் எஞ்சினைச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடியைக் கொடுத்தாள். "திருப்பு. மெல்ல. நிறுத்து. நிறுத்துன்னேன்ல, காது எங்க இருக்கு?" ஒரு வால்வு முழுசாக அமுங்கி இருக்கும்போது அதன் ஜோடி வால்வு தளர்ந்திருக்கும். அதில் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, தகட்டை நுழைத்து இழுத்துப் பார்ப்பாள். தகடு உள்ளே போகவேண்டும், ஆனால் லேசாகப் பிடித்து இழுபடவேண்டும். நட்டை இறுக்கியபின் திரும்பவும் நுழைத்துப் பார்ப்பாள். புகையில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது, பட்டுப்புடவையில் எண்ணெய் தெறித்தது, விரல் சுட்டபோதெல்லாம் கலியபெருமாள் குடும்பத்தையே இழுத்துத் திட்டினாள். அம்மன் மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒரு கிழவர், "சாமிக்கு முன்னால பொம்பள ஸ்பானர் புடிக்கிறா, காலம் கெட்டுப்போச்சு" என்றார். "நீ வந்து புடியேன் தாத்தா" என்று நான்தான் சொன்னேன்.

மூடியைப் பூட்டிவிட்டு அவள் நிமிர்ந்தபோது கலியபெருமாள் கைப்பேசியில் பேசி முடித்திருந்தார்.

"போதும்மா. என் மச்சான் வண்டி வருது. இதைக் கழட்டிடுங்கப்பா."

"ஏன்? சரி பண்ணிட்டேன்ல?"

"நீ சொன்னா ஆச்சா? இப்பத்தானே எல்லாரும் பாத்தாங்க, நிக்காம ஓடினதை! இனிமே இதுக்கு முன்னால எவன் தட்டோட நிப்பான்? நீயே கேளு."

அங்கம்மா கூட்டத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒருத்தர் முன்னால் வரவில்லை. அவள் பேச்சைக் கேட்டுத்தான் எல்லோரும் பயந்திருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் வேண்டுதல் நிறைவேறியிருக்கும். திறந்தாள், போயிற்று. அவளுக்கு உதடு துடித்தது. பாழாய்ப்போன அந்த மனிதர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது ரோட்டில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. வடமலை. மடங்காத காலை அரைவட்டமாக வீசி வீசி மேட்டில் ஏறி வந்தார். நாற்காலியைக் கொண்டுவந்து வண்டியின் பம்பருக்கு நேர் முன்னால் போட்டார். முதுகை வண்டிக்குக் காட்டி, காலை நீட்டி உட்கார்ந்தார். அடிபட்ட நாளிலிருந்து எந்த வண்டியின் முன்னாலும் அவர் நடந்து நான் பார்த்ததில்லை. நிறுத்தி வைத்த காரையே பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறவர்.

"சரசு, அந்தத் தட்டைக் குடும்மா" என்றார். கொடுத்தேன்.

"யோவ்! எந்திரி!" அங்கம்மா கத்தினாள். "பைத்தியம் புடிச்சிருச்சா? எந்திரிய்யா!"

அவர் திரும்பாமலே கேட்டார். "டேப்பட் நீதானே வச்ச?"

"ஆமா. எந்திரி!"

"ஒழுங்கா வச்சியா?"

அவள் பூட்டிய மூடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒழுங்கா வச்சியான்னு கேட்டேன்."

"வச்சேன்யா!"

"அப்பறம் என்னா? ஏறி ஒக்காரு. கல்ல எடுங்கடா."

கல்லை எடுத்தார்கள். என் புருஷன் மட்டும் முன்சக்கரத்துப் பக்கம் குந்தி, ஒரு கல்லை மடியில் ஒளித்து வைத்திருந்தான். "அர்ஜுனா, தூரப் போடுடா அதை" என்றார் அண்ணன். அழுதுகொண்டே போட்டான்.

அங்கம்மா பிரேக்கை மிதித்தபடி கியரில் போட்டாள். கலியபெருமாளைச் சவால் விட்டுக் கூப்பிட்டபோது இருந்த திமிர் அவள் முகத்தில் துளியும் இல்லை. அவளுக்கு எதிரே கண்ணாடியில் தெரிந்தது அவருடைய பிடரியும் நரைத்த தலையும்தான். காலை எடுப்பாள் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. "அம்மா தாயே, நாசமாப் போறவளே, பாத்துக்கடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அம்மனைத்தான் சொன்னாள், சத்தியமாக நான் கேட்டேன். சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று, இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

வண்டி ஒரு முனகல் முனகியது. தேர் மணி ஒன்று கிணுங்கியது. அவ்வளவுதான். நின்றது.

குருக்கள் முதலில் சுதாரித்துக்கொண்டார். தீபத்தட்டோடு முன்னால் வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். "யார் பேருக்கு அர்ச்சனை?"

"அங்கம்மா பேருக்கு. கேட்டை நட்சத்திரம்" என்றார் வடமலை.

"சீக்கிரம் சொல்லி முடிங்க சாமி!" வண்டிக்குள்ளிருந்து குரல் உடைந்து வந்தது. "எனக்கு உசிரு போகுது!"

குருக்கள் நிறுத்தி நிதானமாக முழு மந்திரமும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொருத்தராகத் தட்டோடு வந்து வடமலையைச் சுற்றி நின்றார்கள். பானெட்டில் ஒரு குழந்தையைக்கூடத் தூக்கி வைத்தார்கள். கலியபெருமாளின் மச்சான் வண்டி பின்னால் வந்து ஹார்ன் அடித்தது. எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய் சொட்டுகிற பொன்னாடையைக் கலியபெருமாளின் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். துவைத்துத் தரட்டுமா என்று கேட்கவில்லை.

தீபாராதனை முடிந்து ஜனம் விலகியது. வடமலை எழுந்து ஜன்னல் ஓரமாக வந்து அவள் நெற்றியில் திருநீறு வைத்தார். அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"வீட்டுக்கு வா. இருக்கு ஒனக்கு."

"எறங்கு, அர்ஜுனன் ஓட்டட்டும். ஒனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும்" என்று ஸ்டார்ட்டரை அமுக்கினாள். டக்டக்டக்டக் என்று மேடு முழுக்கக் கேட்டது. அம்மன் இறங்கிப் போனாள். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப உப்ப ஊதினார், ஒன்றும் கேட்கவில்லை.